வெளியாதரவு நடத்திய ஆட்சி

இந்தத் தேசத்தில் எத்தனையோ பேர் முதலமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்து ஆட்சி நடத்தியிருக்கலாம். ஆனால் ஒரு மாநிலத்தை, அதுவும் பக்கத்து மாநிலத்தை, மரக்காணத்து டீக்கடைக்கு வெளியே லுங்கியை மடித்துக் கட்டி நின்றபடி முழுசாக நடத்திய ஒரே மனிதன் எங்கள் வெளியாதரவுதான். அந்த மாநிலத்து ஜனங்களுக்கு இந்த விஷயம் இன்றுவரை தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் இரண்டு வருஷம் வயிறு எரிந்து கிடந்தேன்.

வயிற்றெரிச்சலின் அளவு புரிய வேண்டுமென்றால் முதலில் வயிறு யாருடையது என்று தெரிய வேண்டும். நான் மூன்றாம் வகுப்பு. அதிலும் வாத்தியார் என்னைப் பார்த்ததைவிட உப்பளத்து மேஸ்திரி பார்த்ததுதான் அதிகம். தலையில் உப்புக் கூடை, காலில் உப்பு அறுத்த புண். அங்கிருந்து கிளம்பிக் கூலிக்காரனாக இருந்தவன் குத்தகைக்காரன் ஆனேன். இன்றைக்குக் கழிவெளி உப்பேரிக் கரையில் நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டுகிற வெள்ளையில் பாதி என் பாத்தி. மீதிப் பாதியும் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் விளைந்ததில்லை. சொந்தமாக லாரி, மாடி வீடு, மாடியில் மார்பிள். பெரிய பெண் கம்ப்யூட்டர் எஞ்சினியர். இப்படிப்பட்ட ஆள் டீக்கடைக்குள் நுழைந்தால் என்ன நடக்க வேண்டும்? பெஞ்சில் இடம் காலியாக வேண்டும். நாலு தலை திரும்பி "நீங்க சொல்லுங்கண்ணே" என்று கேட்க வேண்டும். அப்படித்தான் நடந்துகொண்டும் இருந்தது, வெளியாதரவு லாரியை விட்டு இறங்கும் வரை.

அவன் பல வருஷம் உப்பு லாரியில் கிளீனர். மரக்காணத்தில் ஏறினால் பெங்களூரில்தான் இறங்குவான். கேபினுக்குள் உட்காரவே மாட்டான். மூட்டை மேல் தார்ப்பாயை விரித்து மல்லாந்து படுத்து, வானத்தைப் பார்த்துக்கொண்டே மாநில எல்லையையே தாண்டிவிடுவான். அந்தப் பழக்கம் உடம்பில் ஊறிவிட்டது. லாரி வேலையை விட்டு, லோடு ஏற்றிவிடும் புரோக்கராக ஊரில் தங்கிய பிறகும் கூரைக்குக் கீழே அவனால் இருக்க முடியவில்லை. "கூரை இருந்தா யோசனை வரமாட்டேங்குதுண்ணே" என்பான்.

கல்யாண மண்டபத்துக்கு வருவான், வாசலோடு சரி. இலையை வெளியே அனுப்பச் சொல்லிச் சாப்பிட்டுவிட்டு, மொய்யையும் ஜன்னல் வழியாகக் கொடுப்பான். திண்டிவனத்தில் பல் பிடுங்கப் போனபோது டாக்டர் குறடும் கையுமாகப் படிக்கட்டுக்கு வர வேண்டியதாயிற்று. சினிமாவுக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு கொட்டகைச் சுவரில் சாய்ந்து நிற்பான். "படம் எப்படிப்பா?" என்று கேட்டால், "சவுண்டு நல்லா இருந்துச்சு" என்பான். சொந்த வீட்டிலேயே வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டில். மழை பெய்தால் கட்டிலில் குடையைக் கட்டிக்கொள்வான். அவன் பெண்டாட்டிதான் ஒருநாள் குழாயடியில் நொந்துபோய்ச் சொன்னாள்:

"எல்லா ஆம்பளையும் வூட்டுக்குள்ள இருந்து குடித்தனம் பண்றான். எனக்கு வாச்சது மட்டும் வெளியிலேந்து ஆதரவு குடுக்குது."

அன்றிலிருந்து அவன் வெளியாதரவு. அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டோடு நின்றுவிட்டது.

இருக்கட்டும், ஊருக்கு ஒரு கிறுக்கன் வேண்டும்தான். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் இந்தக் கிறுக்கனுக்குக் கன்னடம் படிக்கத் தெரியும். பெங்களூருக்குப் போய்த் திரும்பும் டிரைவர்கள் அவனுக்கென்று அந்த ஊர் பேப்பர் கொண்டுவருவார்கள். டீக்கடைக்கு வெளியே நின்று, எழுத்துக்கு எழுத்து விரல் வைத்து, சத்தமாகப் படித்து, தமிழில் சொல்லுவான். சரியாகப் படிக்கிறானா தப்பாகப் படிக்கிறானா என்று சொல்ல மரக்காணத்தில் இன்னொரு ஆள் இல்லை. எதிர்த்துக் கேட்க ஆளில்லாத படிப்புதான் பெரிய படிப்பு. அது எனக்கு வாய்க்கவில்லை.

2004-ஆம் வருஷம் பெங்களூர்ப் பக்கம் தேர்தல் முடிந்தது. பேப்பர் வந்ததும், மகனுக்கு ஆண்பிள்ளை பிறந்ததைச் சொல்வது போலக் கத்தினான்.

"யாருக்கும் மெஜாரிட்டி இல்ல!"

டீக்கடையிலிருந்த கூட்டம் கிளாஸோடு வெளியே போனது. நான் மட்டும் உள்ளே பெஞ்சில். லோடு ஏற்றும்போது சிந்திய உப்பை ரோட்டோரத்தில் மூன்று குவியலாகக் கூட்டினான்.

"இது பெரிய கட்சி. இது நடுக் கட்சி. இது சின்னக் கட்சி. இதுல பெருசு யாரு?"

"இதோ, இதுதான்" என்றார்கள்.

"அப்போ யாரு ஆட்சி?"

"பெருசுதாம்பா. இது ஒரு கேள்வியா?"

வெளியாதரவு சிரித்தான். நடுக் குவியலையும் சின்னக் குவியலையும் காலால் ஒன்றாகத் தள்ளினான்.

"இப்ப பெருசு யாரு?"

கூட்டம் வாய் பிளந்து நின்றது. என்னவோ அவனே கண்டுபிடித்த மாதிரி ஒருவன் கையைக்கூடத் தட்டினான். எனக்குப் பொறுக்கவில்லை. வாசலுக்கு வந்தேன்.

"ஏம்பா, காலால தள்றியே, அது உப்பு. லட்சுமி."

உடனே குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "தப்புத்தாண்ணே. ஆனா பெருசு யாருன்னு நீங்களும் சொல்லிடுங்க."

நான் பெஞ்சுக்குத் திரும்பினேன். அந்தத் தனியாகக் கிடந்த பெரிய குவியலைப் பார்க்க எனக்கு ஏனோ பிடிக்கவில்லை.

அதன் பிறகு தினமும் அங்கேதான் சட்டசபை. எந்த மந்திரிக்கு எந்த இலாகா, யார் முறைத்துக்கொண்டார், யாரைச் சமாதானம் செய்ய வேண்டும் என்று பேப்பர் பார்த்துச் சொல்லுவான். பேப்பரில் இல்லாததை மூட்டை மேல் படுத்து வந்த அனுபவத்தில் சொல்லுவான். கூட்டத்தை இழுக்க நான் என் செலவில் அந்த டீக்கடைக்கு ஒரு கலர் டிவி வாங்கிப் போட்டேன். உள்ளே நியூஸ் ஓடும். பார்த்தவன் எழுந்து வெளியே போய், "ஆதரவு, டிவியில இப்படிச் சொல்றானே, நெஜமா?" என்று கேட்டுவிட்டு வருவான். டிவிக்கு அவன் கையெழுத்து வேண்டியிருந்தது. கரண்ட் பில் மட்டும் நான் கட்டினேன்.

இதெல்லாம் போகட்டும். அவன் கை வைத்தது என் அடிமடியில்.

எங்களுக்கு உப்பளக்காரர் சங்கம் என்று ஒன்று உண்டு. அதன் தலைவருக்குச் சம்பளம் கிடையாது. ஓடு போட்ட ஓர் அறை, ஒரு மர நாற்காலி, அவ்வளவுதான். ஆனால் தை பிறந்து வெயில் ஏறியதும் கழிவெளி வாய்க்காலின் மதகுப் பலகையை அந்த வருஷத்துக்கு முதல்முதலாகத் தூக்குகிற உரிமை தலைவருக்கு மட்டும்தான். தலைப்பாகை கட்டி விடுவார்கள். மேளம் அடிக்கும். பலகை எழும்பும். தண்ணீர் எல்லார் பாத்திக்கும் ஓடும். கூடை சுமந்த வயசில் கரையோரம் நின்று அதைப் பார்ப்பேன். என்றைக்காவது அந்தப் பலகை என் கையால் எழும்ப வேண்டும். மாடி வீடு வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதே இல்லை, அது தானாக வந்தது. ஆசைப்பட்டது அந்தப் பலகைக்கு மட்டும்தான்.

அந்த ஐப்பசியில், மழைக்குப் பாத்திகள் மூடிக் கிடந்த நேரத்தில், சங்கத் தேர்தல். மூன்று கோஷ்டி. என் கோஷ்டிதான் பெருசு, சந்தேகமில்லை. அடுத்தது பக்கத்துப் பிரம்மதேசம் கிராமத்து ரைஸ்மில்காரர் கோஷ்டி. நெல்லில் சம்பாதித்ததை உப்பில் போட்டவர். மூன்றாவது அனுமந்தைக் கிராமத்து அனுமந்தையார். கடலில் படகு, கழியில் பாத்தி என்று இரண்டு பக்கமும் கால் வைத்தவர். பாதிக்கு மேல் யாருக்கும் இல்லை. அதனால் என்ன? ரைஸ்மில்காரரும் அனுமந்தையாரும் ஒரு வரப்புத் தகராறில் முகம் பார்த்துப் பேசி வருஷக்கணக்கு ஆகியிருந்தது. நான் புதுச் சட்டை தைத்தேன். மாலைக்குச் சொல்லி வைத்தேன்.

வெளியாதரவு இரண்டு வீட்டுக்கும் நடந்தான். உள்ளே போக மாட்டான் இல்லையா, ரைஸ்மில்காரர் கேட்டுக்கு வெளியே நின்று ஒரு வாரம், அனுமந்தையார் படகு நிறுத்துமிடத்தில் ஒரு வாரம். கடைசியில் இரண்டு பேரையும் ரோட்டோரம் நின்ற ஒரு லாரியின் நிழலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். தேர்தல் அன்று நடுக் குவியலும் சின்னக் குவியலும் ஒன்றாகக் கையைத் தூக்கின.

நான் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வெளியாதரவு ஜன்னல் வழியாகக் கையை நீட்டினான்.

"மாலையைக் குடுங்கண்ணே, வாடிப் போய்டும்."

பூக்காரனிடம் பேரம் பேசி நான் வாங்கிய மாலை, ரைஸ்மில்காரர் கழுத்தில் ஏறியது. அளவுகூடச் சரியாக இருந்தது. அதுதான் இன்னும் ஆறவில்லை.

வெளியே வந்து அவனைப் பிடித்தேன். "டேய், உனக்கு இதுல இன்னாடா லாபம்? செயலாளர் பதவியா? லோடு கான்ட்ராக்டா?"

"எனக்கு ஒண்ணும் வேணாம்ணே. நான் வெளியிலேந்துதான்."

பதவி கேட்கிறவனைச் சமாளிக்கலாம். ஒன்றும் வேண்டாம் என்கிறவனை என்ன செய்வது?

ஒப்பந்தம் என்ன என்று அப்புறம்தான் தெரிந்தது. வருஷத்தைச் சரிபாதியாக வெட்டிவிட்டான். தையிலிருந்து ஆனி வரை ரைஸ்மில்காரர். ஆடியிலிருந்து மார்கழி வரை அனுமந்தையார். "பெங்களூர்ல இத செய்யாம உட்டுட்டாங்க. அதனாலதான் அங்க தெனமும் சண்டை. நான் இங்க அதையும் சரி பண்ணிட்டேன்" என்று டீக்கடை வாசலில் விளக்கினான். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். நான் உள்ளே டீயைக் குடித்துக்கொண்டே சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று பின்னால் சொல்கிறேன்.

அந்த மார்கழியில் கடல் வந்தது. அதை இந்தப் பத்தியில் எழுத எனக்குக் கை வரவில்லை. கடல் திரும்பிப் போன பிறகு வாய்க்கால் முழுக்கச் சேறு. கரையெல்லாம் உடைப்பு. தூர் வாரியபோது முதல் மண்வெட்டி என்னுடையதுதான், யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ரைஸ்மில்காரர் ஆட்களும் அனுமந்தை ஆட்களும் ஒரே வரிசையில் நின்று சேறு அள்ளினார்கள். போன வருஷம் ஒரே வரப்பில் நடக்காதவர்கள். அந்த வரிசையைப் பார்த்தபோது, கூட்டணி நன்றாக இருக்கிறது என்ற எண்ணம் எனக்கே வந்துவிட்டது. உடனே அதை விரட்டினேன்.

2005 தையில் மதகு திறப்பு கொஞ்சம் தள்ளித்தான் நடந்தது. ரைஸ்மில்காரர் தலைப்பாகையோடு நின்றார். மேளம் அடித்தது. பலகை அசையவில்லை. மறுபடியும் இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்ததே தவிரப் பலகை வரவில்லை. நெல்லுக்காரருக்கு மதகைப் பற்றி என்ன தெரியும்? எனக்குள் பால் பாயசம் ஓடியது. ஆனால் கரையில் கையைக் கட்டிக்கொண்டு எத்தனை நேரம் பார்ப்பது? வெயில் வீணாகப் போய்க்கொண்டிருந்தது. என் வாய் என்னைக் கேட்காமல் கத்திவிட்டது.

"யோவ், எடது பக்கம் தட்டிட்டுத் தூக்குய்யா! சேறு கவ்வியிருக்கும்!"

தட்டினார். எழும்பியது. தண்ணீர் பாய்ந்தது. "கூட்டணியோட மொத சாதனை!" என்று எதிர்க்கரையிலிருந்து கை தட்டினான் வெளியாதரவு. தட்டச் சொன்னது யார் என்று ஒருத்தனும் கேட்கவில்லை.

இனி நான் சிரித்த காரணத்துக்கு வருகிறேன். அந்த ஒப்பந்தத்தைப் போட்டவர்கள் ஒரு நெல்லுக்காரர், ஒரு கடல்காரர், ஒரு பேப்பர்காரன். நெல்லுக்காரருக்குத் தை என்றால் அறுவடை, அதனால் தையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கடல்காரருக்குக் கோடையில் மீன்பிடித் தடை, அது தாண்டி ஆடியில்தான் கையில் மீன் புரளும். அதனால் அந்தப் பாதியை அவர் சந்தோஷமாகக் கேட்டு வாங்கினார். பேப்பர்காரனுக்கு ஆறு மாசம் என்றால் ஆறு மாசம். உப்புக்கு ஏது ஆறு மாசம்? உப்புக்கு வெயில் என்று ஒன்று, மழை என்று ஒன்று, அவ்வளவுதான். மதகு திறப்பு, முதல் உப்பு வாருவது, வியாபாரிகள் வந்து கும்பிடுவது எல்லாம் முன்பாதியில் முடிந்துவிடும். பின்பாதியில் கொஞ்ச நாள் உப்பு வாரலாம். அப்புறம் குவித்து வைத்த உப்பு அம்பாரத்துக்குப் பனையோலை வேய்ந்துவிட்டு வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். இந்தக் கணக்கு தெரிந்த ஒரே ஆள் எதிர்க்கட்சியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

ஆடியில் அனுமந்தையார் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த வருஷ மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஊரே மிதந்தது. சங்க அறையின் ஓடு ஒழுகியது. குடை பிடித்துக்கொண்டு தலைமை தாங்கிய தலைவர் சரித்திரத்தில் அவர் ஒருவர்தான். அவரைப் பார்க்க ஒரு வியாபாரி வரவில்லை. கொசுதான் வந்தது. ஒருநாள் அறையிலிருந்து வெளியே பாய்ந்து வந்தார். வெளியாதரவு மழையில் சாக்கு மூட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் நின்றிருந்தான்.

"யோவ், எனுக்கு மழையக் குடுத்து ஏமாத்திட்டியேய்யா!"

"ஆறு மாசம்னா ஆறு மாசந்தானே மாமா?"

"அவனுக்கு வெயிலு, மேளம், தலப்பா. எனக்குக் கொசுவா? மாமியார் வூட்டுக்குப் போனா, மழைக்குத் தலைவர் வர்றாருன்னு சிரிக்கறாங்கய்யா!"

"அடுத்த தைக்குப் பாத்துக்கலாம் மாமா. கூட்டணின்னா விட்டுக் குடுக்கணும்."

"உள்ள வந்து பேசுய்யா!"

"இல்ல, நான் இங்கியே நிக்கறேன்."

2006 தை வந்தது. ஒப்பந்தப்படி நாற்காலி ரைஸ்மில்காரருக்குத் திரும்ப வேண்டும். அனுமந்தையார் எழுந்திருக்கவில்லை. "இந்த வாட்டி மதகு நான்தான் தொறப்பேன். தொறந்துட்டு எழுந்திருக்கறேன்" என்றார். ரைஸ்மில்காரர் மதகுக்கு ஒரு பூட்டுப் போட்டார். அனுமந்தையார் அதன் மேல் இன்னொரு பூட்டுப் போட்டார். மேலே நல்ல வெயில். கீழே காய்ந்த பாத்தி. வேலைக்கு வந்த ஆண்களும் பெண்களும் உப்பு வாரும் பலகையை மடியில் வைத்துக்கொண்டு கரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். என் பாத்தியும் சேர்ந்துதான் காய்ந்தது. உப்புக்காரனுக்கு வெயில் வீணாவதைப் பார்ப்பது, சமைத்த சோற்றைத் தெருவில் கொட்டுவதைப் பார்ப்பது மாதிரி.

சரியாக அதே நேரத்தில் பெங்களூரில் ஆட்சி ஆட்டம் கண்டது. சின்னக் கட்சியில் ஒரு பகுதி கழன்று, இத்தனை நாள் வெளியே உட்கார்ந்திருந்த பெரிய கட்சியோடு சேரப்போகிறது என்று பேச்சு. எங்கள் ஊரில் இரண்டு கோஷ்டியும் சண்டையை நிறுத்திவிட்டு வெளியாதரவு வாயைப் பார்த்தார்கள். அங்கே நின்றால் இங்கேயும் நிற்கும், அங்கே விழுந்தால் இங்கேயும் விழும். இப்படி யார் முடிவு செய்தது என்று கேட்காதீர்கள். இரண்டு வருஷமாகக் காலையில் அதைத்தானே கேட்டு டீ குடித்தார்கள்.

ஒருநாள் டிவிக்காரன் சொல்லியே விட்டான், ஆட்சி போய்விட்டது என்று. நான் வாங்கிப் போட்ட டிவி! கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினேன்.

"கேட்டியா? வுழுந்துடுச்சு!"

வெளியாதரவு அசையவில்லை. "பேப்பர்ல வரட்டும்."

"ஏம்பா, படமே காட்டறான்!"

"படம் யாரு வேணாலும் காட்டலாம்ணே. பேப்பர்ல வரட்டும்."

பேப்பர் லாரியில் வர வேண்டும். லாரி வரவில்லை. பெங்களூரில் புது முதலமைச்சர் பதவி ஏற்று, மாலை வாங்கி, கோப்பு பார்க்கவே ஆரம்பித்துவிட்டார். மரக்காணத்தில் மட்டும் பழைய ஆட்சி நடந்துகொண்டிருந்தது. அனுமந்தையார் என் வீட்டு வாசல் வரை வந்தார். "பேப்பர் வந்துட்டா உங்க பக்கம் வந்துடறேன். வர்றதுக்கு முன்னாடி வந்தா நல்லா இருக்காது" என்று சொல்லித் திரும்பிப் போனார்.

லாரி திண்டிவனம் ரோட்டில் பெருமுக்கல் பக்கத்தில் அச்சு முறிந்து நிற்கிறது என்று தகவல் வந்தது. என்ன செய்வது? மார்பிள் போட்ட மாடி வீட்டுக்காரன் நான், மொபெட்டை எடுத்துக்கொண்டு வேகாத வெயிலில் கிளம்பினேன், எனக்குப் படிக்கத் தெரியாத ஒரு பேப்பருக்காக.

டிரைவர் லாரிக்கு அடியில் நிழலில் படுத்திருந்தான்.

"அண்ணே, லோடு பத்திக் கவலப்படாதீங்க, பத்திரமா இருக்குது."

"லோடு கெடக்கட்டும். பேப்பர் எங்க?"

"எந்தப் பேப்பரு? பஜ்ஜி எண்ணெ ஒத்தினேனே, அதுவா?"

எழுந்து தேடினான். ஒரு பக்கம் மிளகாய் பஜ்ஜி, ஒரு பக்கம் கிரீஸ். மேலே பெரிய எழுத்தும் ஒரு போட்டோவும் மட்டும் பிழைத்திருந்தன. சட்டைக்குள் வைத்துக்கொண்டு பறந்தேன்.

டீக்கடை வாசலில் ஊரே நின்றது. வெளியாதரவு விரலை வைத்துப் படித்தான். பிழைத்திருந்ததை முழுசாகப் படித்தான். பேப்பரை நாலாக மடித்து, இடுப்பில் செருகி, மேல்துண்டைத் தோளிலிருந்து எடுத்தான்.

"வுழுந்துடுச்சு" என்றான். பிறகு, "நான் பொறுப்பேத்துக்கறேன். ராஜினாமா பண்றேன்."

டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "எதுலேந்துப்பா?"

"எல்லாத்துலேந்தும்."

எந்தப் பதவியிலும் இல்லாத மனிதன் ராஜினாமா செய்துவிட்டு, வந்த டீயைக் குடிக்காமல் நடந்து போனான். யாருமே சிரிக்கவில்லை. எனக்கும் வரவில்லை, முயற்சி செய்து பார்த்தும்.

அன்று சாயங்காலமே அனுமந்தையார் என் பக்கம் வந்தார். சங்கம் கூடியது. நான் தலைவர். மழையையும் வெயிலையும் வெட்டுகிற வேலை என்னிடம் நடக்காது, மதகை ஒரு வருஷம் நான் தூக்குகிறேன், அடுத்த வருஷம் அனுமந்தையார், அதற்கடுத்து ரைஸ்மில் என்றேன். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். இவ்வளவு சுலபமான யோசனை ஒரு உப்புக்காரனுக்குத்தான் வரும்.

பூட்டுகள் இரண்டும் கழன்றன. தலைப்பாகை கட்டினார்கள். மேளம் அடித்தது. இடது பக்கம் ஒரு தட்டுத் தட்டித் தூக்கினேன். குழந்தையைத் தூக்குவது போல வந்தது பலகை. தண்ணீர் என் கணுக்காலை நனைத்துக்கொண்டு ஓடியது. தலை நிமிர்ந்ததும் என் கண் யாரைத் தேடியது தெரியுமா? பெண்டாட்டியை இல்லை. எதிர்க்கரையில் எல்லாரையும் விட்டுத் தள்ளி அவன் நின்றான். கையைத் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தான், எல்லாரையும்விடச் சத்தமாக.

மேளக்காரர்கள் போன பிறகு அவனிடம் போனேன்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. என்னை எதுக்குடா வெளிய உட்கார வெச்சே? நான் உனுக்கு இன்னா பண்ணேன்?"

துண்டால் முகத்தைத் துடைத்தான். "நீங்க உள்ள போய்ட்டா என்கூட யாருண்ணே சண்டை போடறது? மத்தவன்லாம் தலையாட்டறவன். நீங்க ஒருத்தர்தான் டெய்லி டீக்கடை உள்ளேந்து எழுந்து வந்து, நான் சொல்றது தப்புன்னு சொல்லுவீங்க. அது இல்லாம சபை எப்படிண்ணே நடக்கும்?"

"அதுக்காக என் மாலையப் புடுங்கினியா?"

"மாலை வாடிடும்னுதாண்ணே..."

மறுநாள் சங்க அறையில் போய் உட்கார்ந்தேன். நாற்காலி நல்ல தேக்கு. ஓடு மாற்றியாகிவிட்டது. மேஜை மேல் கண்ணாடி. உள்ளே நான் ஒருவன்தான் இருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால், வெளியே புங்கமரத்தில் சாய்ந்துகொண்டு வெளியாதரவு புது ஆட்சியை ஆரம்பித்துவிட்டான். "இது எத்தனை நாளைக்கு?" என்று யாரோ கேட்கிறான். அவன் ஏதோ சொல்கிறான். எல்லாரும் சிரிக்கிறார்கள். எனக்குக் காதில் விழவில்லை. அவன் சொன்னது தப்பாகத்தான் இருக்கும். அது தப்பு என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. அறையும் நாற்காலியும் எனக்குக் கிடைத்த பிறகுகூட, அந்த ரோட்டோரத்தில் நிற்கிறவன் மேல் எனக்குப் பொறாமை வந்தது பாருங்கள்!

எழுந்தேன். நாற்காலியை நானே தூக்கிக்கொண்டு வெளியே வந்து, புங்கமரத்தடியில் போட்டேன்.

"இன்னாடா சொன்னே? மறுபடியும் சொல்லு" என்றேன்.

அப்புறம் சில வருஷம் கழித்து அவன் மகளோடு இருக்க ஓசூருக்குப் போய்விட்டான். அங்கே மகள் வீட்டுக்கு மொட்டை மாடி இருக்கிறதாம், அந்த மட்டில் எனக்கு நிம்மதி. அந்தப் பக்கம் ஏதாவது ஆட்சி கவிழ்ந்தால் போன் செய்வான். டிவியில் பார்த்து முன்னாலேயே எனக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் அவன் சொல்லுகிற வரை யாரிடமும் பேச மாட்டேன்.

சங்க அறைக்கு இப்போது ஏசி போட்டிருக்கிறார்கள். நான் உள்ளே போவதில்லை. நாற்காலி இன்னும் அந்தப் புங்கமரத்தடியில்தான் கிடக்கிறது. ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், கூரைக்கடியில் எனக்கு யோசனை வருவதில்லை என்று சொல்லிவிடுவேன்.